கண்ணை மூடாத ஆராதனை

அன்புள்ள எபி,

சாப்பாட்டு மேசையில் நாங்கள் எல்லாரும் எதற்காவது சிரிக்கும்போது நீ என் முழங்கையைத் தட்டி, என்ன என்று புருவத்தால் கேட்பாய். நான் வாயை நன்றாகத் திறந்து, அப்புறம் சொல்கிறேன் என்பேன். முக்கால்வாசி நாள் அந்த அப்புறம் வந்ததே இல்லை. நீயும் கோதையும் கோயம்புத்தூர் வண்டி ஏறிப் போய் ஒரு வாரம் ஆகிறது. வீடு காலியாக இருக்கிறது, எனக்கும் நேரம் இருக்கிறது. உங்கள் கல்யாணத்துக்கு முன்பு நாங்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து பேசியதும், நீ இல்லாதபோது பேசியதும் நிறைய. அதையெல்லாம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதைச் சபை இதழில் போடலாமா என்று போதகர் கேட்டார். முதலில் நீ படி. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். போடுவதாக இருந்தால் நம்மை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன். பொறுத்துக்கொள்.

உனக்கு இரண்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுச் செவியை எடுத்துக்கொண்டு போனது. அப்போது நாம் கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா வேலை பார்த்த கொட்டகையில் பேச்சு எடுபடாது, அவ்வளவு இரைச்சல். கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், கீழே நிற்கிறவர் கையைக் காட்டித்தான் இரும்பைத் தூக்குவதும் இறக்குவதும். உன்னோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நான் அழுதுகொண்டிருந்த நாட்களில் அப்பா அந்தச் சைகைகளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினால் நில். தோளில் ஏற ஆசை வந்தால் நீ அப்பாவின் முன்னால் வந்து நின்று விரலை மேலே நீட்டிச் சுற்றுவாய். நம் மூன்று பேருக்கும் பாஷை அதுதான். பிறகு நீ செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளியில் உண்மையான சைகை மொழியைக் கற்றுக்கொண்டாய். நாங்கள் அந்தக் கிரேன் பாஷையைத் தாண்டி அதிகம் போகவில்லை. எங்கள் உதட்டைப் பார்த்து நீதான் எங்களைப் புரிந்துகொண்டாய்.

ஞாயிறுதோறும் உன்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். ரயில்வே வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்த குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சின்ன மெதடிஸ்ட் சபை அது. அங்கே ஆராதனைக் குழுவில் நான் ரொம்ப வருஷமாக இருக்கிறேன். அடுத்த ஞாயிறு என்ன பாட்டு, எந்த வேதபாடம், யார் விண்ணப்பம் ஏறெடுப்பது என்று வாரா வாரம் ஒழுங்குபடுத்தித் தாளில் அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. அந்தத் தாளை உன் கையிலும் கொடுத்து, முதல் பெஞ்சில் உட்கார வைத்து, எழ வேண்டிய இடத்தில் இடுப்பில் இடிப்பேன். உட்கார வேண்டிய இடத்தில் சட்டையைப் பிடித்து இழுப்பேன். உள்ளே வந்து இருந்தாலே போதும், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன். பதினைந்து வயதில் ஒருநாள் நீ வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். சண்டை போடவில்லை. வீட்டில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாய். நானும் வற்புறுத்துவதை விட்டுவிட்டேன்.

கோதையைப் பற்றி நீ சொன்னபோது நான் பயந்தது மதத்தை நினைத்து அல்ல, அவர்கள் வீட்டை நினைத்து. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. அவள் அப்பா தினமும் காலையில் பெருமாள் சந்நிதியில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நிற்பவர். பகலில் மருந்துக்கடையில் வேலை. ஒரே பெண், உன்னைப் போலவே காது கேட்காதவள், உன் பள்ளியில் உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். அவர் சம்மதிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. யாரும் மதம் மாற வேண்டாம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, அவர்கள் வீட்டில் அவர்கள் முறைப்படி ஒரு சின்ன சடங்கு என்று முடிவானது. அப்போதுதான் நான் வாய் தவறிய மாதிரி கேட்டேன்: நம் கோயிலில் ஒரு நன்றி ஆராதனை வைத்துக்கொள்ளலாமா என்று. நீ மறுநாள் போனில் பதில் அனுப்பினாய். அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. "அம்மா, அந்த ஹாலில் நான் பல வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்கும் சுவரைப் பார்க்க முடியாது. வைத்துக்கொள். ஆனால் எனக்கும் கோதைக்கும் புரியாத ஒரு நிமிஷம்கூட அதில் இருக்கக் கூடாது. இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவோம்."

நீ சொன்னால் செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தச் செய்தியை அப்படியே குழுவில் படித்துக் காட்டினேன். ஆர்கன் வாசிக்கும் தேவநேசன் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். அவருக்குக் கோபம் இல்லை, குழப்பம். பாட்டு, ஜெபம், பிரசங்கம், எல்லாமே காதுக்கு உள்ளது. இதில் எதை வைத்துக்கொண்டு எதை விடுவது என்றார். பக்கத்தில் ஒருவர் நின்று கையால் மொழிபெயர்த்தால் போதும் என்றார் போதகர். யார் நிற்பது என்ற கேள்வி வந்தது. உன் பள்ளி ஆசிரியர்கள் யாருக்கும் அந்த நாள் தோதுப்படவில்லை. நான் இதைக் கோதைக்கு எழுதினேன். அவள் ஒரே வரியில் பதில் போட்டாள்: "என் அப்பாவை விட நன்றாகச் சைகை பேசுகிறவர் திருச்சியில் யாரும் இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றியில் திருமண் இட்ட மனிதரை நம் கோயிலின் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, நம் ஜெபங்களைச் சொல்லச் சொல்வதா? ஆனாலும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். உன் மாமனார் காபி கொடுத்து உட்கார வைத்தார். எப்படிச் சைகை கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். கோதை குழந்தையாக இருந்தபோது கோயிலில் அவளுக்கு எதுவும் பிடிக்காதாம், கூட்டத்தில் அழுவாளாம். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாட்களில் அரையர் சேவை நடக்கும். அரையர் பாசுரத்தைப் பாடிக்கொண்டே அதன் பொருளைக் கையால் காட்டுவார். தன் அப்பாவின் தோளில் இருந்த கோதை அன்று அசையவே இல்லையாம். வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாளாம். "அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. பெருமாளைப் பத்தி இவளுக்கு யாரும் இதுவரைக்கும் ஒண்ணுமே சொல்லலை. இவர் ஒருத்தர்தான் சொல்லியிருக்கார்" என்றார். அடுத்த வாரமே பள்ளிக்குப் போய், தனக்கும் கற்றுக் கொடுக்கச் சொல்லிக் கேட்டாராம். சாயங்காலம் சாயங்காலம் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றிருக்கிறார். கோதையின் அம்மாவுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

நம் ஆராதனையைக் கையால் மொழிபெயர்க்க அவர் சம்மதித்தார். அந்த வீட்டை விட்டு வரும்போது அவரும் ஒன்று கேட்டுக்கொண்டார்: ஆராதனை ஒழுங்கு என்ற அந்தத் தாளை முன்கூட்டியே தரவேண்டும், ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லவேண்டும். எதற்கு என்று தெரியாமல் வார்த்தையை மட்டும் கையால் காட்டினால் அது சைகை ஆகாதாம். அடுத்த கூட்டத்துக்கு நம் கோயிலுக்கே வந்தார். நாங்கள் போதகரை வழக்கம்போல "ஐயரே, ஐயரே" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் யாரைக் கூப்பிடுகிறோம் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு சிரித்தார். அதில் எல்லாருக்கும் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

எபி, அன்று நாங்கள் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். முதலில் ஆராதனைக்கு அழைப்பு, அதன் பிறகு துதி, பாவ அறிக்கை, மன்னிப்பின் உறுதி, வேதபாடம், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், விண்ணப்பம், பாட்டு, ஆசீர்வாதம் என்று நாங்கள் தூக்கத்தில்கூடச் சொல்லுவோம். இது ஏன் இதற்கு முன்னால் வருகிறது என்று உன் மாமனார் கேட்டபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். கடைசியில் போதகர்தான் தெளிவாகச் சொன்னார்: ஆண்டவர் நம்மைக் கூப்பிடுகிறார், வருகிறோம், வந்த பிறகு நம் நிலைமை உறைக்கிறது, அறிக்கையிடுகிறோம், மன்னித்தேன் என்கிறார், அதன் பிறகுதான் காது கொடுத்துக் கேட்க முடிகிறது, கேட்டதற்குப் பதிலாக நாம் யார் என்று சொல்லுகிறோம், பிறருக்காக வேண்டுகிறோம், அனுப்பிவைக்கிறார், போகிறோம். உன் மாமனார் அதை அப்படியே கையால் காட்டினார். ஒரு வார்த்தைகூட இல்லாமல் முழு ஆராதனையும் எங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு நிமிஷத்தில் நடந்து முடிந்தது. அத்தனை வருஷம் நான் அச்சடித்த தாள் அது. ஆனால் அது ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்புவது மாதிரி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தாளின் முதல் பிரதியைக் கோதைக்குக் காட்டினோம். அவள் பென்சிலை எடுத்து, "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று இருந்த இடங்களில் எல்லாம் வட்டம் போட்டாள். எங்களுக்கு விளங்கவில்லை. அவள் அப்பாதான் சொன்னார்: "கண்ணை மூடிண்டா அவா ரெண்டு பேரும் வெளில போயிடுவா." போதகர் அந்த வரிகளை அங்கேயே அடித்தார். இந்த ஆராதனையில் யாரும் கண்ணை மூடக் கூடாது என்று முடிவானது. மணிக்குப் பதிலாக விளக்குகளை அணைத்து அணைத்துப் போடுவது என்றும், எழவும் உட்காரவும் உன் அப்பா முன்னால் நின்று கையைக் காட்டுவது என்றும் தீர்மானித்தோம். வேதபாடத்தை உங்கள் நண்பன் ஒருவன் சைகையில் வாசிப்பான். அதைப் போதகர் குரலில் மொழிபெயர்ப்பார். அந்த ஒரு இடத்தில் காது கேட்கிற நாங்கள் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் நான் திட்டினால் நீ கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய். அதற்கு மேல் நான் எவ்வளவு கையை ஆட்டினாலும் உன்னிடம் எதுவும் வந்து சேராது. அடி வாங்குவதைவிட எனக்கு அது வலிக்கும். ஒரு தடவை உன் இமையை விரலால் பிரிக்கக்கூடப் பார்த்தேன், அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கோதையிடம் அதைச் செய்யாதே. கோபம் வரட்டும், எழுந்து அடுத்த அறைக்குப் போ, தண்ணீர் குடி. ஆனால் அவள் கை பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடாதே, விளக்கை அணைக்காதே. உங்கள் இருவருக்கும் வேறு கதவு கிடையாது. அவளுக்குப் புரியாததற்கு அவளும், உனக்குப் புரியாததற்கு நீயும் வெறுமனே தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். வங்கியிலும் கடையிலும் நீ அப்படித் தலையாட்டிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே வேறு வழியில்லை என்றால் செய். வீட்டில் வேண்டாம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விசுவாசப் பிரமாணத்தில் வந்து முட்டியது. உன் மாமனார் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடம் வந்ததும் அவர் தாளைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கப்படாது. இதை எல்லாரும் எழுந்து நின்னு சொல்றேளே, இது யார்கிட்ட சொல்றது?"

"நாங்க எதை நம்புறோம்னு ஆண்டவர்கிட்டயும் சொல்றோம், ஒருத்தருக்கொருத்தரும் சொல்லிக்கறோம் சார்" என்றேன்.

"அப்படின்னா இது ஒண்ணு மட்டும் என்னால ஆகாது. மத்ததெல்லாம் நீங்க பேசறேள், நான் கையை இரவல் கொடுக்கறேன். இதுல 'நான் நம்பறேன்'னு கையை நெஞ்சுல வெக்கணும். வெச்சுட்டு மறுநாள் கார்த்தால அதே கையைக் கூப்பிண்டு பெருமாள் முன்னால எப்படி நிப்பேன்?"

எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. நன்றி ஆராதனைதானே, பிரமாணத்தை விட்டுவிடலாம், போதகரும் மறுக்கமாட்டார் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "எடுத்துடாதேள். அவன் உங்க பிள்ளை. நீங்க யாரை நம்பி அவனை வளர்த்தேள்னு அவனுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. நீங்களே சொல்லுங்கோ."

உன்னிடம் மறைத்தது இது ஒன்றுதான். ஒரு மாதம் போல வாரத்தில் பல நாள் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்ஸில் போனேன், மாத்திரை வாங்கப் போகிறேன், உறவுக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு. பிரமாணத்தைச் சைகையில் சொல்லக் கோதைதான் கற்றுக் கொடுத்தாள். என் விரல்கள் மடங்க மறுத்தன. அவள் பொறுமையாக என் கையைத் தன் கையால் பிடித்து வைத்து வைத்துத் திருத்துவாள். வார்த்தைகள் அவளுக்கு வெறும் வார்த்தைகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டுவிட்டுத்தான் சைகையைச் சொல்வாள். அவள் கேட்டதில் பாதிக்கு நான் போதகரிடம் போய் விடை வாங்கி வந்தேன். அவள் அம்மா உள்ளே வேலை பார்த்தபடியே எங்களைக் கவனிப்பார். நம் கோயிலுக்குள் வருவதில் அவருக்கு இஷ்டமில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். நான் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் என் கை தப்பாகப் போனால் அங்கிருந்தே தலையை ஆட்டிச் சரியானதைக் காட்டுவார்.

தேவநேசன் அண்ணனின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு ஒன்றாவது வேண்டும் என்று அவர் பிடிவாதம். சரி, எளிமையான ஒரு நன்றிப் பாட்டு, அதைச் சபை முழுவதும் சைகையிலும் கற்றுக்கொண்டு பாடட்டும் என்றோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் மாமனார் வந்து சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள், பெரியவர்கள் திணறினோம். ஒரு குடும்பம் மட்டும் இது நம் வழக்கம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. மூன்றாவது வாரம் தேவநேசன் அண்ணன் வாசிப்பதை நடுவில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, அவங்க கை முடியறதுக்குள்ள நான் அடுத்த அடிக்குப் போயிடுறேன். எவ்வளவு இழுத்தாலும் முந்திடுறேன். கடைசிச் சரணத்துக்கு நான் வாசிக்கல, மூடி வச்சிடுறேன். அது அவங்களுக்குன்னு இருக்கட்டும்." வாழ்நாள் முழுவதும் பாட்டு நடுவில் ஆர்கனை மூடாத மனுஷன். நான் தாளில் அந்த இடத்தில் 'கடைசிச் சரணம் கைகளால்' என்று சேர்த்தேன்.

அன்றைக்கு நடந்ததை நீ பார்த்தாய். ஆனால் நீ முன்வரிசையில் இருந்தாய், பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. விளக்குகள் அணைந்து எரிந்ததும் பேச்சு சட்டென்று அடங்கிவிட்டது. மணி அடித்தால்கூட நம் சபை அவ்வளவு சீக்கிரம் அடங்காது. வெள்ளை வேட்டியும் திருமண்ணுமாக உன் மாமனார் போதகருக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் கை பேச ஆரம்பித்ததும் அது நின்றது. கோதையின் அம்மா உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். கதவுகளை நாங்கள் திறந்தே வைத்திருந்தோம். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தூண் மறைத்தது, வெளியே இருந்த அவருக்குத் தன் கணவரின் கை நேராகத் தெரிந்தது. அவர் ஒரு வரியையும் விடவில்லை என்று அப்பா அப்புறம் சொன்னார். பாவ அறிக்கையின்போது நாங்கள் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தோம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு எதிரே இருந்த அம்மாளோடு நான் ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. மன்னியும் என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் இருவரும் தலையை அசைத்துக்கொண்டோம்.

பிறகு என் முறை வந்தது. உன் மாமனார் இரண்டடி பின்னால் நகர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நின்றார். நான் போய் அவர் இடத்தில் நின்றேன். நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று உன் முகத்தில் ஒரு கேள்வி. கையை நெஞ்சில் வைத்து ஆரம்பித்தேன். உன் முகம் அப்போது எப்படி மாறியது என்று நான் எழுதப் போவதில்லை. இயேசு பாடுபட்டார், மரித்தார் வரைக்கும் ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நினைவில் இல்லை. கோதை தன் இடத்திலிருந்து காட்டினாள், எனக்குக் கண்ணில் நீர் மறைத்துத் தெரியவில்லை. சபை காத்துக்கொண்டிருந்தது. அப்போது என் கை தானாகவே சுட்டுவிரலைக் கீழே நீட்டிச் சுற்றியது. பாதாளத்தில் இறங்கினார் என்பதற்குக் கிரேன் இறக்குகிற சைகை. பின்வரிசையில் இரண்டு மூன்று பழைய தொழிற்சாலைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நீ எழுந்தாய்.

நீ எழுந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. உனக்குப் புரியாத நிமிஷம் வந்துவிட்டது, சொன்னபடி வெளியே போகப் போகிறாய் என்றே நினைத்தேன். போதகரும் அப்படித்தான் நினைத்தாராம். நீ பெஞ்சைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாய். என் பக்கத்தில் நின்றாய். உன் சுட்டுவிரலை மேலே நீட்டி, அப்பாவின் தோளில் ஏறுவதற்குச் சுற்றுவாயே, அதே மாதிரி சுற்றினாய். உயிர்த்தெழுந்தார், பரலோகத்துக்கு ஏறினார். முன்னால் நின்று எழச் சொல்லியும் உட்காரச் சொல்லியும் கை காட்டிக்கொண்டிருந்த அப்பாவும் விரலை நீட்டிச் சுற்றினார். மீதியை நீ சைகை மொழியில் சொல்ல, நான் உன்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். உனக்கு அந்த விசுவாசம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப் போவதில்லை. அம்மா தடுமாறுகிறாள் என்று வந்தாய், அதுவே எனக்குப் போதும். உன் மாமனாரைப் பார்த்து ஒன்றைக் கற்றுக்கொள். இது என்னால் ஆகாது என்று சொன்னார், ஆனால் எழுந்து போகவில்லை. தன் முறை மறுபடி வரும்வரை அங்கேயே நின்றார். உனக்கும் கோதைக்கும் இடையில் ஒருவரால் ஆகாதது மற்றவரிடம் இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். அறையை விட்டுப் போக வேண்டாம்.

கடைசிப் பாட்டுக்கு உங்கள் இருவரையும் சபையைப் பார்த்து நிற்க வைத்தோம், எல்லார் கையும் உங்களுக்குத் தெரியட்டும் என்று. கடைசிச் சரணம் வந்தது. தேவநேசன் அண்ணன் மூடியைச் சாத்தினார். அந்தச் சரணத்தை நீ கண்ணால் பார்த்தாய். அது எங்களுக்கு எப்படிக் கேட்டது என்று சொல்கிறேன். மின்விசிறிகள் சுற்றுவது கேட்டது. சாலையில் ஒரு பஸ் நின்று கிளம்பியது கேட்டது. கைகள் உயரும்போது அத்தனை பெண்களின் வளையலும் ஒன்றாகச் சரிந்து முழங்கைக்கு வந்தன, இறங்கும்போது ஒன்றாக மணிக்கட்டுக்கு வந்தன. பட்டுப் புடவைகள் உரசின. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வேறு ஒன்றும் இல்லை. எத்தனையோ பாட்டு கேட்ட கோயில் அது.

பாட்டு முடிந்தது. முடிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆர்கன் இருந்தால் அண்ணன் கடைசி சுரத்தை இழுத்து நிறுத்துவார், நாங்கள் ஆமென் சொல்லி உட்காருவோம். இப்போது எல்லார் கையும் அந்தரத்தில் நின்றன. போதகர் என்னைப் பார்த்தார். நான் உன் மாமனாரைப் பார்த்தேன். அவர் உன் பக்கம் திரும்பினார். அப்படியே சபை முழுவதும் உன்னைப் பார்த்தது. உனக்கு அது தெரிந்திருக்காது, நீ கோதையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவளுடைய உயர்ந்த கையை உன் கையால் பிடித்து, மெதுவாகக் கீழே கொண்டுவந்தாய். அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் எல்லாரும் கையை இறக்கினோம்.

அம்மா